பெட்டிக்குள் இருப்பதற்குப் பெயர் வாங்கித் தருவது எப்படி?

2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் சென்னை ரிச்சி தெருவுக்குக் கணினி வாங்கப் போனவர்களில் பலர் கடைக்காரரிடம் கேட்ட முதல் கேள்வி, “பென்டியம்தானே?” என்பது. நினைவகம் எவ்வளவு, மதர்போர்டு எந்த நிறுவனத்துடையது, மின்னழுத்தம் ஏறி இறங்கினால் தாங்குமா என்ற கேள்விகள் அதற்குப் பின்னரே வந்தன; சிலருக்கு வரவே இல்லை. பெட்டியைத் திறந்தாலும் விசிறிக்கு அடியில் மறைந்துகிடக்கும் ஒரு சிறு சில்லின் (சிப்), அதாவது கணினியின் மூளையான நுண்செயலியின் பெயரை, அதுவரை கணினியைத் தொட்டிராத குடும்பங்கள்கூடத் தெரிந்துவைத்திருந்தன. அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் அதற்கு முந்தைய பத்தாண்டில் திட்டமிட்டுச் செய்த சந்தைப்படுத்தும் வேலைதான் அந்தப் பெயரை அவர்கள் வாயில் ஏற்றியது.

மென்பொருள், உணர்கருவி, மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகை, கைப்பேசிச் செயலி என எதைச் செய்பவராக இருந்தாலும், வாங்குபவர் உள்ளே திறந்து தரம் பார்க்க முடியாத பொருளை விற்பவருக்கு இன்டெல்லின் கதையில் பாடம் இருக்கிறது. கத்தரிக்காய் வாங்குபவர் காம்பைப் பார்க்கிறார். புடவை வாங்குபவர் முந்தானையை விரித்துப் பார்க்கிறார். தொழில்நுட்பப் பொருளை வாங்குபவருக்கு அப்படி ஒரு சோதனை இல்லை; பணத்தைக் கொடுத்துவிட்டு ஏமாந்துவிடுவோமோ என்ற அச்சம்தான் இருக்கிறது. அந்த அச்சத்தை விற்பவர் தம் தலையில் ஏற்றுக்கொள்வதையே இங்கே சந்தைப்படுத்துதல் என்று சொல்கிறேன். ஏற்றுக்கொண்ட நாள் முதல் அது கடன். வாடிக்கையாளர் வந்து கேட்கும் நாளில் திருப்பித் தர வேண்டும். கீழே சொல்லும் வழிமுறைகள் எல்லாம் இந்தக் கணக்கைச் சுற்றியே அமைந்தவை.

அச்சத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

விளம்பர வாசகம் எழுதுவதற்கு முன், உங்கள் பொருளை வாங்கிய பத்துப் பேரிடமும் வாங்காமல் போன பத்துப் பேரிடமும் தனித்தனியே பேசுங்கள். எது பிடித்தது என்று கேட்க வேண்டாம். வாங்கும் முன் எதை நினைத்துத் தயங்கினார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே எழுதிவையுங்கள். அந்தத் தாள் உங்கள் பொறியாளர்கள் நினைத்திருப்பதற்குப் பெரும்பாலும் மாறாகத்தான் இருக்கும்.

1979-ன் இறுதியில் இன்டெல் இதை நன்றாகவே உணர்ந்தது. அதன் 8086 நுண்செயலி முந்தைய ஆண்டு வெளிவந்திருந்தது. பின்னால் வந்த, போட்டி நிறுவனமான மோட்டோரோலாவின் 68000, நிரல் எழுதுபவர்களுக்கு எளிதான, பலர் கண்ணில் மேலான வடிவமைப்பு. இன்டெல்லின் விற்பனையாளர்கள் வாய்ப்புகளை இழந்துகொண்டிருந்தார்கள். அப்போது இன்டெல் அதிகாரி பில் டேவிடோ தலைமையில் தொடங்கிய ‘ஆபரேஷன் க்ரஷ்’ என்ற இயக்கம், எங்கள் சில்லுதான் வேகமானது என்று வாதாடவில்லை. ஒரு கருவிக்கான நுண்செயலியைத் தேர்ந்தெடுக்கும் பொறியாளர் அதனோடு பல ஆண்டுகள் வாழ வேண்டியவர். துணைச் சில்லுகள் கிடைக்குமா, நிரல் எழுதக் கருவிகள் உண்டா, பயிற்சி கொடுப்பார்களா, அடுத்த தலைமுறை வரும்போது இப்போது எழுதியதெல்லாம் வீணாகிவிடுமா என்பவையே அவருடைய கவலைகள். இன்டெல் அந்தக் கவலைகளுக்கே விடை தந்தது. வரவிருக்கும் சில்லுகளின் பட்டியலை முன்கூட்டியே வெளியிட்டது, கருத்தரங்குகள் நடத்தியது, கையேடுகள் அச்சிட்டது. ஓராண்டில் 2,000 கருவிகளின் வடிவமைப்பில் தன் சில்லை இடம்பெறச் செய்வது என்று இலக்கு வைத்து, ஏறத்தாழ 2,500-ஐ எட்டியது. அவற்றுள் ஒன்று ஐபிஎம் நிறுவனத்தின் தனிநபர் கணினி. 1981 ஆகஸ்டில் வெளிவந்த அந்தக் கணினியில் 8086-இன் உடன்பிறப்பான 8088 இருந்தது.

ஒரு பந்தயத்தில் உங்கள் பொருள் இரண்டாவதாக வரும் என்று தெரிந்தால் அந்தப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்காதீர்கள். வாங்குபவர் மனத்தில் நடக்கும் பந்தயம் வேறாக இருக்கலாம். அதற்காகப் பொய் சொல்லவும் வேண்டாம். இன்டெல் மறைத்து எதையும் விற்கவில்லை, தன்னிடம் உண்மையிலேயே கூடுதலாக இருந்ததைத்தான் முன்னால் எடுத்துவைத்தது.

எண்ணைப் பயனாக்குங்கள்

2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஐபாடில் 5 ஜிபி வன்தட்டு இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே கிரியேட்டிவ் நிறுவனம் 6 ஜிபி கொண்ட இசைக் கருவியைச் சந்தையில் வைத்திருந்தது. ஆப்பிள் ஜிபி கணக்கைப் பின்னுக்குத் தள்ளி, சட்டைப்பையில் 1,000 பாடல்கள் என்று சொன்னது. கேட்டவருக்குத் தம் வீட்டு அலமாரியிலிருந்த இசைத்தட்டுகளும் தம் சட்டைப்பையும் ஒருசேர நினைவுக்கு வந்தன.

உங்கள் பொருளின் தொழில்நுட்பக் குறிப்புகள் ஒவ்வொன்றின் எதிரிலும் “அதனால் என்ன?” என்று இருமுறை கேட்டு விடை எழுதுங்கள். கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் விற்பவர் 99.9 சதவீத நேரம் இயங்கும் என்று பெருமையாக அச்சிடுகிறார். ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம் நின்றுபோகும் என்பதே அதன் பொருள். ஜவுளிக்கடைக்காரருக்கு அந்த எட்டே முக்கால் மணி நேரம் எந்த நாளில் வரும் என்பதுதான் கவலை. தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை வந்தால் அவருக்கு 99.9-ஆல் பயன் இல்லை. இணையம் அறுந்தாலும் பில் போடலாம், இணைப்பு திரும்பியதும் கணக்கு தானே சேர்ந்துகொள்ளும் என்று சொல்ல முடிந்தால் அதைச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் விளம்பரத்தை நிறுத்திவைத்துவிட்டு அந்த வசதியை உருவாக்குங்கள். சந்தைப்படுத்தும் பிரிவை, பொருள் முடிந்தபிறகு வண்ணம் பூச அழைக்கப்படும் ஆளாக வைத்திருக்கும் நிறுவனங்கள் இந்த வாய்ப்பை இழந்துவிடுகின்றன.

பேச வேண்டியவர் யார் என்று தீர்மானியுங்கள்

பணம் கொடுப்பவரும் பொருளைப் பயன்படுத்துபவரும் தொழில்நுட்பத்தில் பல நேரம் ஒருவரல்லர். இன்டெல்லிடம் சில்லு வாங்கியவை கணினி உற்பத்தி நிறுவனங்கள். அதன் விளம்பரங்களும் பல ஆண்டுகள் பொறியாளர்களுக்கான இதழ்களில்தான் வந்தன. 386 நுண்செயலி 1985-லேயே வந்திருந்தும், அலுவலகங்கள் அதற்கு முந்தைய தலைமுறையான 286 கணினிகளையே வாங்கிக்கொண்டிருந்தன. 286-ஐ உரிமம் பெற்று வேறு நிறுவனங்களும் தயாரித்ததால் அது நீடிப்பதில் இன்டெல்லுக்கு ஆதாயம் குறைவு. 1989-ல் டென்னிஸ் கார்ட்டர் என்ற அதிகாரியின் யோசனைப்படி, அலுவலகத்துக்குக் கணினி வாங்கும் மேலாளர்களிடம் நேரடியாகவே பேச இன்டெல் முடிவுசெய்தது. பெரிய எழுத்தில் 286 என்று அச்சிட்டு, அதன்மேல் சுவரில் வண்ணம் தெளித்தது போலச் சிவப்பாகப் பெருக்கல் குறி போட்ட விளம்பரம் அது. அடித்துப் போடப்பட்ட எண் இன்டெல்லின் சொந்தப் பொருளுடையது என்பதை நினைத்தால் அந்தத் துணிச்சலின் அளவு விளங்கும். நிறுவனத்துக்குள்ளேயே முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள் என்று எண்ணுகிறேன்.

அந்த விளம்பரத்தை முதலில் டென்வர் நகரில் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் பின்பற்றத்தக்க பழக்கம் இது. மாநிலம் முழுவதற்கும் செலவழிப்பதற்கு முன், ஈரோடு போன்ற ஓர் ஊரில் இரண்டு மாதம் விளம்பரம் செய்யுங்கள். அதே அளவுள்ள, அதே வகைத் தொழில்கள் உள்ள இன்னோர் ஊரில் எதுவும் செய்யாமல் விடுங்கள். இரண்டு ஊர்களிலிருந்தும் வரும் விசாரணைகளின் வேறுபாடே விளம்பரத்தின் மெய்யான பலன். விற்பனை தானாகவே ஏறும் பருவத்தில் விளம்பரம் செய்துவிட்டு, ஏறியதெல்லாம் விளம்பரத்தால்தான் என்று கணக்கு எழுதுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

பெயரை உங்களுடையதாக்குங்கள்

386 என்ற எண்ணை மக்கள் மனத்தில் பதியவைக்க இன்டெல் பணம் செலவழித்தது. ஏஎம்டி நிறுவனம் தன் சில்லுக்கும் அதே எண்ணை வைத்தபோது இன்டெல் நீதிமன்றம் சென்றது. 386 என்பதை வணிகக்குறியாக (டிரேட்மார்க்) உரிமை கொண்டாட முடியாது என்று 1991 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. பட்ட பாடெல்லாம் போட்டியாளருக்கும் பயன்படும் நிலை. அடுத்த தலைமுறை சில்லுக்கு 586 என்று பெயரிடாமல், பெயர் உருவாக்கும் லெக்சிகன் நிறுவனத்தின் துணையோடு பென்டியம் என்ற சொல்லை உண்டாக்கியதற்கு இதுவே காரணம். ஐந்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு, தனிமங்களின் பெயர்களில் வரும் ஈற்றைச் சேர்த்தது அது. 1993 மார்ச்சில் அந்தப் பெயரோடு சில்லு விற்பனைக்கு வந்தது.

நம் நாட்டிலும் விதி ஏறத்தாழ இதுதான். பொருளின் தன்மையை அப்படியே வருணிக்கும் பெயர்களைப் பதிவுசெய்ய 1999-ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. வேகமான பில் என்று பொருள்படும் பெயரை வைத்துவிட்டு, பக்கத்துத் தெருக்காரரும் அதையே வைத்தார் என்று புலம்பிப் பயனில்லை. பெயரை முடிவுசெய்யும் முன் வணிகக்குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். பொருள்களையும் சேவைகளையும் எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்தே பதிவுசெய்கிறார்கள்: தரவிறக்கும் மென்பொருளுக்கும் மின்னணுக் கருவிக்கும் 9-ஆம் வகுப்பு. இணையவழிச் சேவையாகத் தரும் மென்பொருளுக்கு 42-ஆம் வகுப்பு. பலருக்கு இரண்டுமே தேவைப்படும். தனிநபர், சிறுநிறுவனம், ஸ்டார்ட்அப் ஆகியோருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். பதிவு பத்தாண்டுகள் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். முதல் பதாகை அச்சிடும் செலவைவிட இது குறைவு. இருந்தும் பதாகைதான் முதலில் அச்சாகிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. பெயரைத் தொலைபேசியில் ஒருமுறை சொல்லி, எதிர்முனையில் இருப்பவரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள். ஐந்து பேரில் மூன்று பேர் தவறாக எழுதினால் அந்தப் பெயர் வேண்டாம்.

பிறர் விளம்பரத்தில் ஏறிக்கொள்ளுங்கள்

இன்டெல்லின் மிகப் பெரிய வேலை 1991-ல் தொடங்கிய ‘இன்டெல் இன்சைட்’. கையால் சுழித்தது போன்ற வட்டத்துக்குள் இரண்டு சொற்கள் கொண்ட சின்னம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அதன் பின்னாலிருந்த பணப் பங்கீட்டு முறைதான் உண்மையான கண்டுபிடிப்பு. கணினி நிறுவனங்கள் சில்லு வாங்கக் கொடுத்த தொகையில் ஒரு பகுதியை இன்டெல் ஒரு நிதியில் சேர்த்துவைத்தது. அந்த நிறுவனம் தன் கணினிக்குச் செய்யும் விளம்பரத்தில் சின்னத்தை விதிப்படி இடம்பெறச் செய்தால், விளம்பரச் செலவின் ஒரு பங்கு அந்த நிதியிலிருந்து திரும்பக் கிடைத்தது. கணினி விற்பனையில் இலாபம் மெலிந்துகொண்டிருந்த காலம் அது. சிறு நிறுவனங்களுக்கு அந்தப் பணம் உயிர்த்தண்ணீராக இருந்தது. முதல் ஆண்டு முடிவதற்குள் சுமார் 300 நிறுவனங்கள் சேர்ந்தன. 1994-ல் ஆஸ்திரிய இசையமைப்பாளர் வால்ட்டர் வெர்சோவா அமைத்த, சில நொடிகளே நீளும் இசைத்துணுக்கும் இதோடு சேர்ந்துகொண்டது. எந்த நிறுவனத்தின் கணினி விளம்பரமானாலும் முடிவில் ஒலித்தது இன்டெல்லின் குரல்.

இதைச் சிறிய அளவிலும் செய்யலாம். கணக்கு மென்பொருள் விற்பவருக்குத் தணிக்கையாளர்களும், கட்டுப்பாட்டுப் பலகை செய்பவருக்குப் பம்ப்செட் டீலர்களும் கூட்டாளிகள். அவர்களுக்குத் தள்ளுபடி மட்டும் தருவதைவிட, அதன் ஒரு பகுதியை விளம்பர நிதியாக ஒதுக்கி, உங்கள் சின்னத்தோடு விளம்பரம் செய்ததற்கான ரசீதும் படமும் காட்டினால் திருப்பித் தருவதாக எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். சின்னத்தின் அளவு, நிறம், இடம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் விதியாக எழுதிக் கொடுங்கள். பத்துக் கடைகளில் பத்து விதமாக வந்த சின்னம் யார் நினைவிலும் தங்காது.

கூட்டாளிக்கு இதில் மனக்குறை வரும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள். உள்ளே இருப்பது ஒன்றே என்று எல்லாப் பெட்டிகளிலும் ஒட்டினால், பெட்டி செய்பவரின் பெயருக்கு மதிப்புக் குறையும். அந்நாளில் கணினி விற்பனையில் முன்வரிசையில் இருந்த காம்பாக் 1994-ல் இந்தத் திட்டத்திலிருந்து விலகி, 1996-ல்தான் திரும்பியது. விளம்பரச் செலவைப் பகிர்வதற்கும், போட்டியாளரிடம் வாங்காமலிருக்கத் தள்ளுபடி தருவதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. தள்ளுபடிகள் தொடர்பாக ஐரோப்பிய ஆணையம் 2009-ல் இன்டெல்லுக்கு 106 கோடி யூரோ அபராதம் விதித்தது. நீதிமன்றம் 2022-ல் அதை ரத்துசெய்தது என்றாலும், இடையில் போன ஆண்டுகள் பதின்மூன்று. ஒப்பந்தத்தில் “வேறெவரிடமும் வாங்கக் கூடாது” என்ற வரியை எழுதும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுவது நல்லது.

கடனைத் திருப்பித் தர ஆயத்தமாக இருங்கள்

1987-ல் 386 சில்லுகள் சிலவற்றில் பெருக்கல் பிழை ஒன்று தெரியவந்தது. பிழையுள்ளவற்றின்மேல் 16-பிட் மென்பொருளுக்கு மட்டும் என்று முத்திரையிட்டு இன்டெல் விற்றது. பொதுமக்களிடம் சலசலப்பு ஏதும் இல்லை. ஏழு ஆண்டுகள் கழித்து அதே போன்ற இன்னொரு பிழை வந்தது. இம்முறை அது உலகச் செய்தியாயிற்று. இடைப்பட்ட காலத்தில் சில்லைவிட அதிகம் மாறியிருந்தது, அந்தப் பெயரை எத்தனை பேர் அறிந்திருந்தார்கள் என்பது.

வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களைப் பற்றிய கணக்கீட்டில் 1994 ஜூனில் ஒரு முரண்பாட்டைக் கண்டார். தம் நிரலில் தவறா, கணினியில் தவறா என்று மாதக்கணக்கில் சலித்துப் பார்த்து, பென்டியத்தின் வகுத்தல் பகுதியில்தான் பிழை என்று உறுதிசெய்துகொண்டு, அக்டோபர் 30 அன்று சிலருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். வகுத்தலுக்காகச் சில்லுக்குள் வைத்திருந்த அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டிருந்ததே காரணம். 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டிய இடத்தில் 1.33374 வந்தது. எவரும் தம் மேசையிலேயே செய்து பார்க்கக்கூடிய கணக்கு அது.

இன்டெல்லுக்கு இந்தப் பிழை முன்பே தெரிந்திருந்தது. சாதாரணப் பயனாளர் 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இதைச் சந்திப்பார் என்று அது கணக்குக் காட்டியது. தம் வேலைக்கு இது தடை என்று நிரூபிப்பவர்களுக்கு மட்டும் சில்லை மாற்றித் தருவதாகச் சொன்னது. பொறியாளர் கண்ணோடு பார்த்தால் அந்த விடை பெரும்பாலும் சரியானதே. ஆனால் மூன்று ஆண்டுகளாக இன்டெல் பேசிக்கொண்டிருந்தது பொறியாளர்களிடம் அல்ல. உள்ளே இருப்பது எங்களுடையது, கவலையை விடுங்கள் என்று குடும்பங்களிடம் சொல்லிவிட்டு, கவலையோடு வந்தவரிடம் உங்கள் கவலையை நிரூபியுங்கள் என்றது. டிசம்பர் 12 அன்று ஐபிஎம் பென்டியம் கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. டிசம்பர் 20 அன்று, கேட்பவர் எவருக்கும் காரணம் கேட்காமல் மாற்றித் தருவோம் என்று இன்டெல் அறிவித்தது. அதற்காக அது கணக்கில் எழுதிய செலவு 47.5 கோடி டாலர்.

மாற்றித் தரும் அறிவிப்பு வந்தபின் கொந்தளிப்பு அடங்கியது, பெயரும் பிழைத்தது. கவலைப்பட்டவரை மதித்திருந்தால் நவம்பரிலேயே முடிந்திருக்கும்.

ஆகவே, விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கும் அதே நாளில் பிழைக்கும் ஒரு திட்டம் எழுதிவையுங்கள். பிழை தெரிந்தால் வாடிக்கையாளருக்கு எத்தனை மணி நேரத்துக்குள் சொல்வோம், யார் பெயரில் சொல்வோம், மாற்றித் தருவதையோ பணத்தைத் திருப்புவதையோ மேலிடத்தைக் கேட்காமல் முடிவுசெய்யும் அதிகாரம் யாருக்கு என்பவை அதில் இருக்கட்டும். அறிவிப்பின் முதல் வரியில் என்ன பிழை என்பதும், இரண்டாம் வரியில் வாங்கியவர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதும் வரட்டும். நிகழ்தகவுக் கணக்கை வேண்டுமானால் கடைசியில் வையுங்கள். பிழை வர ஒரு விழுக்காடு வாய்ப்பே இருந்தாலும், வாங்கியவருக்கு அச்சம் முழுதாகத்தான் இருக்கும்.

பணம் இல்லாதபோது

இன்டெல்லின் பணப்பை எல்லோருக்கும் வாய்க்காது. அதற்குச் சென்னையிலேயே பாடம் உண்டு. 2010-ல் ஸென்டெஸ்க் நிறுவனம் தன் வாடிக்கையாளர் சேவை மென்பொருளின் விலையை உயர்த்தியபோது, இணைய விவாதம் ஒன்றில் எழுந்த மனக்குறையையும், அந்தச் சந்தையில் ஒரு வெற்றிடம் இருக்கிறது என்ற குறிப்பையும் படித்து கிரீஷ் மாத்ருபூதம் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற போட்டி மென்பொருளைத் தொடங்கினார். முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் இருந்த ஒரு கல்லூரி. 2011-ல் ஒரு தொழில்துறை ஆய்வாளர் அந்தச் சிறு நிறுவனத்தை அப்பட்டமான நகல் என்று ஏளனமாக எழுதினார். பதிலுக்குக் கோபப்படாமல், நகலா இல்லையா என்று வாசகர்களே தீர்மானிக்கட்டும் என்று நடந்ததை எல்லாம் தனி இணையதளமாக வெளியிட்டார் கிரீஷ். விளம்பரச் செலவில் பெற்றிருக்க முடியாத கவனம் அதனால் கிடைத்தது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குச் சென்றது. உங்களுக்கு வழி இதுதான்: போட்டியாளரின் வாடிக்கையாளர்கள் குறை சொல்லும் இடங்களை வாரத்துக்கு ஒரு மணி நேரம் படியுங்கள், அந்தக் குறைகளுள் உங்கள் பொருள் மெய்யாகவே தீர்ப்பது எது என்று பார்த்து, அதை மட்டும் உங்கள் முகப்பு வாசகமாக்குங்கள்.

கவனம் தானே வந்து கொட்டுவதிலும் இடர் இருக்கிறது. மென்பொருள் நிறுவனமான ஸோஹோவின் ‘அரட்டை’ என்ற செய்தி அனுப்பும் செயலி 2021-லேயே வெளிவந்தது. 2025 செப்டம்பர் இறுதியில் மூன்றே நாள்களில் அன்றாடப் பதிவு 3,000-லிருந்து 3,50,000-ஆக ஏறியது என்றார் ஸோஹோவின் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு. பெரிய வெளியீட்டை நவம்பருக்கென்று திட்டமிட்டிருந்த நிறுவனம் அவசரமாகச் சேவையகங்களைப் பெருக்க வேண்டியதாயிற்று. வந்தவர்கள் உடனே கேட்ட கேள்வி, அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்திகளுக்கு முழுமையான மறைகுறியாக்கம் உண்டா என்பது. அப்போது அழைப்புகளுக்கு இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. நாளையே பத்து மடங்குக் கூட்டம் வந்தால் முதலில் உடைவது எது, முதலில் கேட்கப்படும் கேள்வி எது என்று இன்றே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் விடை இல்லாதவரை பெரிய விளம்பரத்துக்குப் போக வேண்டாம்.

எதை எண்ணுவது

விருப்பக்குறிகளையும் பார்வைகளையும் எண்ணுவது எளிது. அதனாலேயே அவை ஏமாற்றும். ஆபரேஷன் க்ரஷ் எண்ணியது ஒன்றை மட்டுமே: எத்தனை கருவிகளின் வடிவமைப்பில் தன் சில்லு ஏறியது என்பதை. சின்னத்தை அறிந்தவர் எத்தனை பேர் என்றும் இன்டெல் பின்னாளில் அளந்தது. ஐரோப்பியக் கணினி வாங்குநரிடையே 1991-ன் இறுதியில் 24 சதவீதமாக இருந்தது ஓராண்டில் 80-ஐ நெருங்கி, 1995-ல் 94 ஆயிற்று. அந்த உயர்வின் நட்டநடுவில்தான் பென்டியம் பிழை வந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அறிந்தவர் தொகையும் நம்புபவர் தொகையும் ஒன்றல்ல என்பது புரியும். சிறு நிறுவனத்துக்கு மூன்று எண்கள் போதும்: இரண்டாம் ஆண்டும் பணம் கட்டியவர்கள், பிறர் சொல்லி வந்தவர்கள், குறை சொன்ன பின்னும் தங்கியவர்கள். மூன்றாவதை எண்ணும் நிறுவனங்கள் அரிது.

பெயருக்கும் ஆயுள் உண்டு

சந்தைப்படுத்துதலால் ஆகாததும் இருக்கிறது. மக்கள் கணினியிலிருந்து கைப்பேசிக்கு மாறியபோது, உள்ளே எந்தச் சில்லு என்று கேட்கும் பழக்கமே பலரிடம் மறைந்தது. இன்டெல்லின் பெயர் அங்கே அதற்கு வழி திறந்துவிடவில்லை. ஆப்பிள் 2020-ல் தன் கணினிகளுக்குச் சொந்தச் சில்லுகளைக் கொண்டுவந்தது. 2022 செப்டம்பரில் இன்டெல், அடுத்த ஆண்டு முதல் மடிக்கணினிகளில் பென்டியம் என்ற பெயரைக் கைவிட்டு, இன்டெல் புராசசர் என்று மட்டும் வழங்கப்போவதாக அறிவித்தது. ஒரு காலத்தில் உயர்ந்த விலைக்கு உரிய பெயராக இருந்தது, ஆண்டுகள் செல்லச் செல்ல மலிவுவிலைச் சில்லுகளின் மேல் ஒட்டப்பட்டதில் பொலிவிழந்திருந்தது.

உங்கள் நிறுவனத்திலும் அப்படி ஒரு நாள் வரலாம். நல்ல பெயரை மலிவுப் பொருளுக்குக் கீழிறக்கும் முன், அதற்கெனப் புதுப் பெயர் ஒன்று வைக்க முடியுமா என்று பாருங்கள். பழைய பெயருக்கு ஓய்வு கொடுப்பதானால் பதிவைப் புதுப்பித்தால் மட்டும் போதாது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தாத வணிகக்குறியை நீக்கக் கோரி வேறொருவர் விண்ணப்பிக்க நம் சட்டத்தில் இடமுண்டு. ஒரு மாடலிலாவது, ஒரு சேவையிலாவது அந்தப் பெயரை வழக்கில் வைத்திருந்து, விற்ற பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.